நான்கு நிமிஷப் பிரயாணம்

மனிதன் தூரத்தை ஜெயித்தது எங்கே, எப்போது என்று நாளைக்குச் சரித்திரம் எழுதப்போகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம், பூந்தமல்லியில், ஓர் அரிசி மண்டியின் மாடியில் அது நடந்தது. கீழே மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேலே நாங்கள் தூரத்தை ஜெயித்துக்கொண்டிருந்தோம். அந்த வெற்றியைப் பற்றிக் கடைத்தெருவில் கண்டபடி பேசுகிறார்கள். உண்மையை எழுதி வைக்க வேண்டியது, அந்தக் காரியாலயத்தின் ஹெட் கிளார்க்கான என் கடமை.

காரியாலயத்தின் முழுப் பெயர், 'இரு விமானதள இடைத்தூர மற்றும் பறப்புநேர நிர்ணயத் தாற்காலிக ஸ்பெஷல் காரியாலயம்'. இதைப் பெரிய எழுத்தில் எழுதியதால் பெயர்ப்பலகை மண்டியின் அகலம் போதாமல் பக்கத்துச் சைக்கிள் கடையின் தலை மேலும் போயிற்று. 'நிர்ணயத் தாற்காலிக' என்ற பகுதி தன் கடைக்கு மேல் இருப்பதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் பஞ்சர் ஒட்டப் பயப்படுகிறார்கள் என்று சைக்கிள் கடைக்காரர் புகார் செய்தார். யுத்த காலத்தில் எல்லோரும் கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேண்டும் என்று அவருக்கு விளக்கினோம்.

ஜப்பான்காரன் எந்த நிமிஷமும் வந்துவிடுவான் என்று பட்டணத்தில் பாதி ஜனம் மூட்டை கட்டிப் போன காலம் அது. அப்போது சர்க்கார் எங்கள் பக்கத்தில் இரண்டு விமானதளங்கள் போட்டது. ஒன்று முத்தாபுதுப்பேட்டைப் பக்கம், மற்றது தெற்கே திருமழிசைக்கு அப்பால். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், பறந்தால் எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நாங்கள். இது சாமானியமான காரியமா? எங்கள் ஸ்பெஷல் ஆபீசர் ஸ்ரீமான் பரந்தாமன் அவர்கள் அப்படி நினைக்கவில்லை. அவர் விமானத்தை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் தலைப்பாகையைச் சரிசெய்துகொள்ளும் சுபாவம் உள்ளவர். வருகிற ஜனவரியில் தமக்கு 'ராவ்சாகிப்' பட்டம் வரும் என்று அவர் நம்பினார். எங்களையும் நம்பச் சொல்லி உத்தரவிட்டிருந்தார்.

முதல் கமிட்டிக் கூட்டத்துக்கு ஒரு விமானித் துரையை அழைத்திருந்தோம். இளம் வெள்ளைக்காரர். நாற்காலியில் உட்காராமல் ஜன்னலில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று பரந்தாமன் கேட்டார்.

"நான்கு நிமிஷம்" என்றார் துரை.

சபை திகைத்துப் போயிற்று. கேள்விக்குப் பதில் அத்தனை சுலபமாகக் கிடைத்தால் காரியாலயம் என்னத்திற்கு?

"போவதற்கு நான்கு. திரும்பி வருவதற்கு?" என்று நான் சமயோசிதமாகக் கேட்டேன்.

"அதே நான்கு."

"எதனால் அப்படி?"

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவருடைய 'நான்கு நிமிஷம்' என்ற அபிப்பிராயத்தை 'ஆதாரமற்ற வாய்மொழி' என்று குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். தூரம் என்பது ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கா, கொடிமரத்திலிருந்து கொடிமரத்துக்கா என்று தீர்மானிக்கவே புரட்டாசி போய் ஐப்பசி வந்துவிட்டது. சாதாரண ஜனமாகிய ஒரு பிரயாணியை ஏற்றிப் பறக்க வைத்து, நேரத்தைக் கண்ணால் பார்த்துக் குறித்தால்தான் மேலிடம் ஒப்புக்கொள்ளும் என்பது முடிவு.

இந்த நேரத்தில்தான் குப்பம்மா வந்தாள்.

முத்தாபுதுப்பேட்டை ஓடுபாதை தெற்கு வடக்காகப் போகிறது. அதற்குக் கிழக்கே உள்ள கிராமத்தில் இருந்தாள் குப்பம்மா. மேற்கே உள்ள கிராமத்தில் அவள் மகள் தாட்சாயிணியை வரதன் என்ற உழவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். ஓடுபாதை வருவதற்கு முன்பு நடுவில் நாலு வயல்தான். குப்பம்மா தன் வாசலில் ஒரு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு புறப்பட்டால், அது சிவக்கும்போது மகள் வாசலில் நிற்பாள். ஏரோடிராம் வந்தது. மேற்கே முள்கம்பியும் துப்பாக்கிச் சிப்பாய்களும் வந்தார்கள். வடக்கே ராணுவ முகாம், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. ஆகவே மகள் வீட்டுக்குப் போக வேண்டுமானால் ஆவடி வந்து, பூந்தமல்லி இறங்கி, திருமழிசை சுற்றி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். நடுவில் ராணுவ லாரி வரிசை வந்தால் வண்டிகளை ஓரம் கட்டி நாள் முழுக்க நிறுத்திவிடுவார்கள். விளக்கு வைத்த பிறகு இருட்டடிப்பு, வண்டியே ஓடக் கூடாது. நிலத்தை எடுத்துக்கொண்டதற்குப் பதிலாகச் சர்க்கார் அந்த ஜனங்களுக்குத் தூரத்தைத் தாராளமாக வழங்கியிருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம்.

"எம்பொண்ணு நெறமாசமா கீது சாமி" என்றாள் குப்பம்மா. "தலப்புள்ள. தாய் ஊட்லதான் பொறக்கணும். வளையல் அடுக்கி, அன்னிக்கே இட்டாந்துடணும். நடுவுல யார் ஊட்லயும் தங்கக் கூடாது. வெளக்கு வெக்கறதுக்குள்ள எங்கூட்டுப் படி ஏறிடணும். சுத்துவழியா வந்தா நடக்கற காரியமா? அந்தக் கம்பியண்ட ஒரே ஒரு கதவு தொறந்து உடச் சொல்லுங்கோ. ஒரு வெத்தல மெல்லுற நேரம் போதும்."

பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, இந்தக் காரியாலயத்தின் அதிகாரம் ஒரு விமானதளத்துக்கும் இன்னொரு விமானதளத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றியது. ஒரே விமானதளத்தின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே தூரம் என்று ஒன்று கிடையாது."

"கெடயாதா? அப்போ நான் ஏன் சாமி சுத்திகினு வரேன்?"

"அது உங்கள் சொந்த விஷயம்."

"கம்பிக்குள்ள யார்தான் போவலாம்?"

இதற்கு நான் விதியைப் பார்த்துச் சொன்னேன். வேலிக்குள் இருக்கத் தகுதி உள்ளவர் இரண்டே வகை. ஒன்று, பட்டாளத்தார். இரண்டு, பிரயாணி. பிரயாணி என்றால் அடுத்த விமானதளத்திலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிறவர்.

குப்பம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தாள். "அடுத்த ஏரோடிராம் எங்க கீது?"

"திருமழிசைக்கு அப்பால்."

"சுத்துவழில பாதி. லாரித் தொல்லை அந்தாண்ட கெடயாது, ஜட்கா கட்டிகினு வந்துடலாம். அங்கேந்து ஏறினா எங்க எறக்குவீங்கோ? எங்கூட்டுப் பக்கமா, சம்பந்தி ஊட்டுப் பக்கமா?"

"பிரயாணிகள் இறங்கும் கொட்டகை கிழக்கே வரப்போகிறது" என்றார் பரந்தாமன்.

"கெழக்க வெறும் கவுறுதான கட்டிகீது. குனிஞ்சி பூந்தா எங்கூடு. சரி சாமி. எங்க ரெண்டு பேரையும் அதுல ஏத்தி உட்டுடுங்கோ."

நாங்கள் சிரித்தோம். காரியாலயம் ஏற்பட்ட பிறகு ஊழியர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். அவள் சிரிக்கவில்லை. மடியிலிருந்து எங்களுக்கும் வெற்றிலை எடுத்து வைத்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனாள்.

பரீட்சைப் பிரயாணத்துக்கு முதலில் ஒரு ஜமீன்தாரை அழைத்தோம். தேச சேவைக்குத் தம் உயிரையும் கொடுப்பதாகவும், ஆனால் தரையில் இருந்தபடி கொடுப்பதாகவும் அவர் எழுதியிருந்தார். ரைஸ் மில் முதலாளிக்கு விமானத்தின் பெயரைக் கேட்டதும் வயிறு சரியில்லாமல் போயிற்று. ஆவடி வக்கீல் ஒருவர் சம்மதித்தார். மறுநாள் அவர் மனைவி வந்து மேஜையைக் குத்திப் பேசிவிட்டுப் போனதும் அவர் சம்மதிக்கவில்லை. ஜனவரி நெருங்கிக்கொண்டிருந்தது. பிரயாணி இல்லாமல் பரீட்சை இல்லை, பரீட்சை இல்லாமல் நிர்ணயம் இல்லை, நிர்ணயம் இல்லாமல் ராவ்சாகிப் இல்லை. பரந்தாமனுடைய முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

"அந்த அம்மாள் இன்றைக்கும் கீழே உட்கார்ந்திருக்கிறாளா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"இருக்கிறாள்."

"கர்ப்பிணிகள் பறக்கக் கூடாது என்று விதி உண்டா?"

தேடினேன். விதிகளில் கர்ப்பிணி என்ற வார்த்தையே இல்லை. குதிரை உண்டு, வெடிமருந்து உண்டு, கோழி கூட உண்டு. தாய்மையைச் சர்க்கார் எவ்வளவு உயர்வாக நினைத்திருந்தால் அதைத் தடுக்க ஒரு விதியும் எழுதாமல் விட்டிருக்கும் என்று நாங்கள் மனம் நெகிழ்ந்தோம்.

நாள் குறிப்பதில்தான் சங்கடம். "திங்களும் சனியும் கெழக்க சூலம், எங்கூடு கெழக்க" என்றாள் குப்பம்மா. "செவ்வா, பொதன் வடக்க சூலம். உங்க ஏரோப்ளேன் வடக்கதான போவுது? வியாழன் தெக்க சூலம், ஜட்கா தெக்கால வரணும். வெள்ளிக்கெழம பொண்ண ஊட்ட உட்டு அனுப்ப மாட்டாங்கோ." மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் காரியாலயத்தில் எந்தத் தீர்மானமும் இத்தனை காரணங்களோடு எடுக்கப்பட்டதில்லை. 'வானிலை முதலிய காரணங்களால் ஞாயிறு' என்று மேலிடத்துக்கு எழுதினோம். மேலிடம் ஒப்புக்கொண்டது.

விமானித் துரைக்கு மட்டும் விஷயத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. பிரயாணிகள் 'குடும்பப் பெண்கள் இருவர்' என்று சொன்னோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தி வீட்டில் வளையல் அடுக்கி, தாட்சாயிணியை ஜட்காவில் ஏற்றி, உச்சிப்பொழுதுக்கு முன்பே திருமழிசைத் தளத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள் குப்பம்மா. கையில் ஒரு தாம்பாளம். அதில் மஞ்சள், பூ, வளையல், நாலு வாழைப்பழம். வரதனும் வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்திருந்தான். வேலிக்கு வெளியே அவனை நிறுத்திவிட்டோம்.

"பயமாயிருந்தா கண்ண மூடிக்க தாச்சு" என்று அங்கிருந்தே கத்தினான்.

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல. நீ போயி எருமைக்குத் தண்ணி காட்டு" என்றாள் தாட்சாயிணி. மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொன்னாள்.

பிரயாணிப் படிவங்களை நிரப்பி முடிக்கப் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. நேரத்தைக் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டிய உத்தியோகஸ்தன் நானே. ஆகவே நானும் விமானத்தில் ஏறினேன். துரை தாட்சாயிணியின் வயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அது விதிகளில் இல்லாத வார்த்தை. பிறகு என்ன நினைத்தாரோ, தம்முடைய சட்டையைக் கழற்றி மடித்து அவள் முதுகுக்கு அணை கொடுத்துவிட்டு மெதுவாகப் புறப்பட்டார்.

புறப்படும்போது குப்பம்மா ஒரு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு நடந்ததை நான் அதிகாரபூர்வமாகச் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் கடிகாரம் தெரியவில்லை. காதில் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ "முருகா முருகா" என்று அலறுவதும் கேட்டது. அது என் குரல் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"எறங்கிட்டோம் சாமி, கையை உடு" என்றாள் குப்பம்மா. அவள் தோளை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் வெற்றிலையை நாக்கில் தள்ளிப் பார்த்தாள். "இப்பத்தான் செவந்துகீது. எங்கூட்லேந்து எம்பொண்ணு ஊட்டுக்கும் இதே நேரந்தான்."

அறிக்கையில் நான்கு நிமிஷம் என்று எழுதிக்கொண்டேன். துரையின் ஆதாரமற்ற வாய்மொழி இவ்வாறு பரீட்சையால் ருசுவாயிற்று.

கீழே இறங்கினோம். எதிரே பரந்தாமன் கையில் மாலையோடு நின்றார். வரவேற்புக் கமிட்டி நின்றது. நடுவில் கொடி பறந்தது. இரண்டு பக்கமும் சிப்பாய்கள். ஓரத்தில் பூந்தமல்லி சாதுல்லாவின் பேண்டு வாத்தியம். சாதுல்லா எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாண ஊர்வலத்துக்கும் வாசிக்கிறவர். யுத்த காலத்தில் வேறு பேண்டு கிடைக்காததால், 'ராஜ வாழ்த்து' கீதத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்து அழைத்து வந்திருந்தோம். அவருடைய சிவப்புக் கோட்டு பொத்தான் போட முடியாமல் இறுகியிருந்தது.

குப்பம்மா நாலு பக்கமும் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த வேப்பமரம், தெரிந்த வைக்கோல் போர், வேலிக்கு அப்பால் தெரிந்த எருமை.

"சாமி, இது எம்பொண்ணு மாமியா ஊடு."

நான் பரந்தாமனைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "கொட்டகையை மேற்கே மாற்றிவிட்டோம். இந்தப் பக்கம் புளியமரம் இருக்கிறது. கமிட்டிக்கு நிழல் வேண்டாமா?" என்றார்.

காலையில் புறப்பட்ட வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், விமானத்தில் பறந்து வந்து, தாட்சாயிணி நின்றாள். ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் குப்பம்மாவின் வீட்டுக் கூரை தெரிந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"அந்தாண்ட எறக்கறேன்னு சொன்னீங்களே" என்றாள் குப்பம்மா. "வெளக்கு வெக்கற நேரம் வந்துகினு கீதே சாமி! இப்ப நான் இவள எங்க வெச்சிகினு நிப்பேன்?"

"பிரயாணிகள் பிரயாணிகள் வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும்" என்றேன். பிரயாணிகள் வாசல் மேற்கே இருந்தது.

"ஓடுபாதையைத் தாண்டினால் சுடுவார்கள்" என்று பரந்தாமனும் அன்போடு எச்சரித்தார். எச்சரித்துவிட்டு, துரைக்குப் போடுவதற்காக மாலையை இரண்டு கையாலும் உயர்த்தினார்.

அந்தச் சமயத்தில் சாதுல்லா ராஜ வாழ்த்தை ஆரம்பித்துவிட்டார்.

ராஜ வாழ்த்து ஒலித்தால் அசையக் கூடாது என்பது உலகறிந்தது. துரை விறைத்து நின்று சல்யூட் வைத்தார். சிப்பாய்கள் துப்பாக்கியோடு சிலையானார்கள். கமிட்டி சிலையாயிற்று. பரந்தாமன் மாலையை உயர்த்தியபடியே சிலையானார். நான் ஒரு காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டிருந்தேன், அப்படியே நின்றேன்.

குப்பம்மா எங்களை ஒரு முறை பார்த்தாள். யாருடைய கண்ணிமையும் அசையவில்லை. தாம்பாளத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"வா தாச்சு" என்றாள். "மெதுவா வா."

இருவரும் ஓடுபாதையில் இறங்கி நடந்தார்கள்.

முன்னால் தாய், கையில் தாம்பாளம். பின்னால் மகள், இடுப்பில் ஒரு கையும் வயிற்றில் ஒரு கையுமாக. அவளால் வேகமாக நடக்க முடியாது. ராஜ வாழ்த்தோ சின்னப் பாட்டு. அவர்கள் நாலடி போவதற்குள் பாட்டு முடிந்தது. முடிந்ததும் சாதுல்லா, தலையைக் கூடத் திருப்பாமல், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் முறையும் முடிந்தது. மூன்றாம் முறை தவுல்காரர் கல்யாண மிடுக்கில் ஒரு உருட்டு உருட்டினார். நிறுத்தும்படி பரந்தாமன் கையைத் தாழ்த்திச் சைகை காட்டுவதாக ஏற்பாடு. கையைத் தாழ்த்தினால் ராஜத் துரோகம். மாலையிலிருந்து சாமந்தி ஒவ்வொன்றாக அவர் தலைப்பாகையின் மேல் உதிர்ந்தது.

நடுவில் தாட்சாயிணி நின்றுவிட்டாள். முதுகை நிமிர்த்தி மூச்சு வாங்கினாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ராஜ பக்தியால்தான் அடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். வாத்தியமும் அங்கே கொஞ்சம் நிதானித்து, அவள் மறுபடி காலெடுத்து வைத்ததும் வேகம் பிடித்தது. பாட்டு எத்தனை தரம் சுற்றி வந்ததோ, நான் எண்ணவில்லை. கடைசியில் தூரத்தில் குப்பம்மா கயிற்றைத் தூக்கிப் பிடிக்க, மகள் குனிந்து நுழைவது தெரிந்தது. கூரைக்குக் கீழே இன்னும் விளக்கு எரியவில்லை. தாட்சாயிணி படி ஏறினாள்.

ராஜ வாழ்த்து நின்றது.

விசாரணை மறுநாளே நடந்தது. சாதுல்லா கோட்டு இல்லாமல் வந்திருந்தார்.

"ஏனையா நிறுத்தவில்லை?" என்று பரந்தாமன் கர்ஜித்தார். கையை அவரால் இன்னும் தூக்க முடியவில்லை.

"எப்டி சாப் நிறுத்தறது?" என்றார் சாதுல்லா. "தாயி தட்டு எடுத்துகினு முன்னால போறா. பொண்ணு பின்னால போவுது. பொண்ணு படி ஏறுற வரிக்கும் வாத்தியம் நிக்கக் கூடாது. எங்க வாப்பா காலத்துலேந்து இதான் மொறை. பாதில நிறுத்திட்டா பூந்தமல்லில எவன் சாப் நம்மள கல்யாணத்துக்குக் கூப்டுவான்?"

"அது கல்யாணப் பாட்டு அல்ல! ராஜ வாழ்த்து!"

"பாட்டு உங்குளுது சாப். மொறை எங்குளுது."

நான் விதிப் புத்தகத்தில் 'முறை' என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். துரை, விசாரணை முடியும்வரை ஜன்னலில் சாய்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். போகும்போது சாதுல்லாவின் கையைக் குலுக்கினார். அடுத்த வாரம் அவரையும் அவருடைய விமானத்தையும் பர்மா எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள்.

காரியாலயம் சும்மா இருக்கவில்லை. குற்றம் எங்கே என்று ஆராய்ந்து, மூன்று பரிகாரம் செய்தோம். ராஜ வாழ்த்து இனிமேல் கிராமபோன் தட்டில் மட்டும். அதற்கு முறை கிறை ஒன்றும் தெரியாது. கீதம் ஒலிக்கும்போது ஒரு சிப்பாய் மட்டும் அசையலாம், சுடுவதற்கு. கிழக்கே இருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு அங்கேயும் முள்கம்பி போட்டாயிற்று. ஜனவரியில் பரந்தாமனுக்கு ராவ்சாகிப் பட்டம் வந்தது. 'இரு தளங்களின் தூரத்தைக் குறைத்தமைக்காக' என்று பாராட்டுக் கூட்டத்தில் வாசித்தார்கள். நான் உருகிப் போனேன்.

தாட்சாயிணிக்குப் பெண் பிறந்தது. தாய் வீட்டில்தான் பிறந்தது. மூன்றாம் மாதம் குப்பம்மா மறுபடி மாடியேறி வந்தாள்.

"கொழந்தைய அப்பன் ஊட்டுக்கு இட்டும்போவணும் சாமி" என்றாள். "பச்சக் கொழந்த. இதுவும் வெளக்கு வெக்கறதுக்குள்ள போயி சேரணும். சுத்துவழி ஆவாது. கம்பியண்ட ஒரே ஒரு கதவு."

"கதவு எதற்கம்மா?" என்றார் ராவ்சாகிப். "விமானப் பிரயாணம் நான்கே நிமிஷம் என்று உங்களைக் கொண்டுதானே நிர்ணயித்தோம்?"

"அப்போ ஏரோப்ளேன் உடுங்கோ."

"விமானம் இல்லை. ஆனால் நேரம் இருக்கிறது. நான்கு நிமிஷம். அதை யாராலும் மாற்ற முடியாது."

அவள் எழுந்து போனாள். எங்களுக்கு வெற்றிலை வைக்கவில்லை.

இப்போது முத்தாபுதுப்பேட்டைத் தளத்தின் மேற்கு வேலியில், புளியமரத்துக்குப் பக்கத்தில், எங்கள் காரியாலயம் ஒரு பெரிய பலகை நட்டிருக்கிறது. 'இங்கிருந்து அடுத்த விமானதளம் நான்கு நிமிஷம்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறது. வாரம் ஒரு தரம் அதற்குத் தூசி தட்ட நானே போகிறேன். நான் போகும் மாலைகளில் எல்லாம் வரதன் அந்தப் பலகைக்குக் கீழே நிற்கிறான். எதிரே, கிழக்கு வேலிக்கு அப்பால், தாட்சாயிணி வந்து குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கிறாள். இவன் கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டுகிறான். குழந்தை அழுதால் இங்கே நன்றாகக் கேட்கிறது.

போன வாரம் அவன் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டான்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது சாமி. அந்தப் பலகைல இன்னா எழுதிகீது?"

பெருமையோடு படித்துக் காட்டினேன்.

"அது சரி" என்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் பார்த்தான். "எம்பொண்ணு எங்கூட்டுக்கு வர எத்தினி நிமிசம்னு எங்க சாமி எழுதிகீது?"

பாமர ஜனங்களுக்கு விஞ்ஞானத்தின் அருமை தெரிவதில்லை. அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். எங்கள் காரியாலயம் ஏற்படாத அநாகரிக காலத்தில் அது வெறும் ஒரு வெற்றிலை மெல்லும் தூரமாகக் கிடந்தது. இப்போது அதை உலக மகாயுத்தம் முடிகிற தூரத்துக்கு உயர்த்தியிருக்கிறோம்.